சர்க்கார் பாதி, சம்சாரி பாதி

'சம்சாரி' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பட்டணத்தில் ஒருவரைக் காட்டி, "அவர் பெரிய சம்சாரி" என்றால், அவருக்குக் குழந்தை குட்டிகள் அதிகம், மாதக் கடைசியில் அவரிடம் கைமாற்றுக் கேட்கக்கூடாது என்று அர்த்தம். திருநெல்வேலிச் சீமையில் அதே சொல்லைச் சொன்னால், ஏர் பிடித்து உழுது பயிர் செய்கிறவர் என்று அர்த்தம். ஒருவர் சாப்பிடுகிறவர், மற்றவர் சாப்பாடு போடுகிறவர். இந்தக் கட்டுரை இரண்டு சம்சாரிகளையும் பற்றியது. இருவருக்கும் நடுவில் பணப்பையை வைத்துக்கொண்டு நிற்கும் சர்க்காரைப் பற்றியதும்கூட.

முதலில் பட்டணத்துச் சம்சாரியின் வீட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

"இதென்ன, அரிசிக்கு இவ்வளவு விலையா?" என்று வீட்டுக்காரர் கடைச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்.

"மருந்து அடிக்காத அரிசி. குழந்தைகள் சாப்பிடுவதற்கு நல்லதாக இருக்க வேண்டாமா?" என்கிறாள் இல்லத்தரசி.

"நல்லதுதான். ஆனால், மருந்து வாங்கும் செலவு விவசாயிக்கு மிச்சம். உரம் வாங்கும் செலவும் மிச்சம். அப்படியானால் அரிசி விலை குறைய அல்லவா வேண்டும்? கூடுகிறதே, அது என்ன கணக்கு?"

அம்மாள் சற்று யோசித்துப் பார்க்கிறாள். பதில் அகப்படவில்லை. "கணக்கெல்லாம் உங்கள் இலாகா" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போடப் போய்விடுகிறாள்.

வீட்டுக்காரர் கேட்ட கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் பதில் கடைத்தெருவில் கிடைக்காது. வயலுக்குத்தான் போக வேண்டும்.

மூன்று வருஷம்

தஞ்சை ஜில்லாவில், வாய்க்கால் கரையில் இரண்டு ஏக்கர் நிலமுள்ள ஒரு விவசாயியை மனத்தில் நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவரைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பல வருஷமாக ரஸாயன உரம் போட்டுப் பழகிய நிலம். "முன்பு ஒரு மூட்டை போட்ட இடத்தில் இப்போது ஒன்றரை மூட்டை கேட்கிறது. உழுதால் மண் கட்டி கட்டியாகப் பெயர்கிறது" என்று அவர் மனைவி சொல்கிறாள். அவருக்கும் அது தெரியும். இயற்கை முறைக்கு மாறிவிடலாம் என்று இருவரும் தீர்மானிக்கிறார்கள். இனி என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

முதலாவது, யூரியாவை விடவேண்டும். 45 கிலோ மூட்டை ஒன்று வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் சேர்த்து 266 ரூபாய் 50 காசு என்று சர்க்கார் விலை கட்டி வைத்திருந்தார்கள். வாங்கினோம், தூவினோம், ஒரு வாரத்தில் பயிர் கரும்பச்சையாக எழுந்து நின்றது. அதற்குப் பதிலாக இப்போது தக்கைப்பூண்டு விதைக்க வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ விதை. நாற்பது, நாற்பத்தைந்து நாள் வளர்ந்து, பூக்கும் தறுவாயில் அதை அப்படியே மடக்கி உழுதால், அதன் வேர் முடிச்சுகளில் சேர்ந்திருக்கும் தழைச்சத்து மண்ணுக்கு வந்து சேரும். மிக நல்ல முறைதான். ஆனால் அந்த நாற்பத்தைந்து நாளும் நிலம் வேறு பயிருக்கு இல்லை. விதைக்கும்போது ஈரமும் வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் மாதம் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அதற்கு முன்பே கோடை மழையை நம்பி விதைத்தாக வேண்டும். மழை ஏமாற்றினால் விதையும் போச்சு, உழவுக் கூலியும் போச்சு.

இரண்டாவது, பூச்சி மருந்தை விடவேண்டும். அதற்குப் பதில் வேப்பங்கொட்டைக் கரைசல். ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி, நூறு லிட்டராக்கி, கொஞ்சம் சவுக்காரம் கலந்து தெளிக்க வேண்டும். ஓர் ஏக்கருக்கு ஒரு தடவை தெளிக்கவே இதைப் போல் இரண்டு பங்கு தேவைப்படும். வேப்பமரம் ஊரெல்லாம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் பழம் உதிரும்போது பொறுக்க வேண்டும். தோல் நீக்கி நிழலில் உலர்த்த வேண்டும். ஓடு உடைக்க வேண்டும். கடைப் புட்டியைத் திறந்து ஊற்ற ஐந்து நிமிஷம். இதற்கு நாள் கணக்கில் ஆகும். அந்த நாளெல்லாம் அநேகமாக வீட்டுப் பெண்களின் நாள். அதற்குக் கூலி கணக்கெழுதுவார் கிடையாது. தெளித்த பிறகும், புட்டி மருந்தைப் போல் பூச்சி அன்று மாலையே செத்து விழுவதில்லை. வேம்பின் கசப்பு பூச்சியின் பசியை அடைக்கிறது. தோலுரித்து வளர விடாமல் தடுக்கிறது. பலன் மெதுவாகத்தான் தெரியும். அதற்குள் பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "என்ன மாமா, பயிரைப் பூச்சிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மூன்றாவதுதான் முக்கியமானது. முதல் வருஷம் விளைச்சல் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. இரண்டாவது வருஷம் சற்றுத் தேறுகிறது. மூன்றாவது வருஷம் நிமிர்கிறது. இதற்குக் காரணம் மாயமும் அல்ல, மந்திரமும் அல்ல. யூரியாவின் சத்து உடனே கரைந்து வேரை அடைகிறது. எருவிலும் தழையிலும் உள்ள சத்தோ மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்று செரித்த பின்புதான் பயிருக்குக் கிட்டும். பல வருஷமாகப் பட்டினி கிடந்த அந்த உயிர்கள் பெருக நாளாகும். அது போலவே, மருந்தினால் செத்துப்போன சிலந்தியும் பொறிவண்டும் குளவியும் வயலுக்குத் திரும்பி வர நாளாகும். தீங்கு செய்யும் பூச்சி ஒரு பருவத்தில் வந்துவிடுகிறது. அதைத் தின்னும் பூச்சி நிதானமாகத்தான் வருகிறது.

ஆகவே கூலி கூடுகிறது, விளைச்சல் குறைகிறது, நிலம் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருக்கிறது. மூன்று வருஷம் போனால் செலவு குறையும், மண் தேறும் என்பது நிஜம். ஆனால் சொஸைட்டிக் கடன் மூன்று வருஷம் காத்திருக்குமா? பெண்ணின் கல்யாணம் காத்திருக்குமா? வீட்டுக்காரரின் கேள்விக்குப் பதில் இதுதான்: மருந்துச் செலவு மிச்சமாவது உண்மை, அந்த இடத்தில் வேறு மூன்று செலவுகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றை யார் தாங்குவது?

புழுதி தந்த புத்தி

"விவசாயியும் சர்க்காரும் பங்கிட்டுத் தாங்குவது" என்னும் பதிலைச் சட்டமாகவே எழுதி வைத்த தேசங்களில் அமெரிக்கா ஒன்று. நல்லெண்ணத்தினால் மட்டும் அல்ல. மூக்கில் புழுதி ஏறியதினால்.

அங்கே மேற்குச் சமவெளிகளில் புல்லையெல்லாம் உழுது புரட்டிக் கோதுமை விதைத்தார்கள். மழை பொய்த்த வருஷங்களில் மேல்மண் காற்றோடு பறந்தது. 1934-ஆம் வருஷம் மே மாதத்தில் அந்தப் புழுதி ஆயிரக்கணக்கான மைல் கடந்து நியூயார்க், வாஷிங்டன் நகரங்களின் மீதே கவிந்தது. ஹ்யூ ஹாமண்ட் பென்னெட் என்னும் மண் நிபுணர் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்ட பிறகுதான் சட்டசபையார் காதில் வாங்கினார்கள். 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அடுத்த வருஷத்துச் சட்டம், மண்ணைத் தேற்றும் பயிர்களுக்கு மாறுகிற விவசாயிகளுக்குச் சர்க்கார் பணம் கொடுக்க வழி செய்தது.

அந்தப் பரம்பரையில் 1996-இல் வந்த ஒரு திட்டம், உரத்தை அளவோடு இடுதல், மருந்தைக் குறைத்துப் பூச்சியைக் கட்டுப்படுத்துதல், நிலத்தை மூடுபயிரால் காத்தல் ஆகிய காரியங்களுக்கு ஆகும் செலவில் முக்கால் பங்கு வரையில் சர்க்கார் ஏற்கும் என்று விதித்தது. புதிதாக விவசாயத்தில் இறங்கியவர்கள், வசதி குறைந்தவர்கள் முதலியோருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வரையிலும் உண்டு. அவர்களுக்கு அதில் பாதியை முன்பணமாகவும் தரலாம் என்று பின்னால் சேர்த்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பணம் கொடுப்பதற்குச் சொல்லும் நியாயம். அது தர்மம் அல்ல, கூலி. விவசாயி உரத்தைக் குறைத்தால் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கெடாமல் இருக்கிறது. மருந்தைக் குறைத்தால் ஆற்றில் மீன் பிழைக்கிறது. இந்த லாபமெல்லாம் அவர் வீட்டுக் களஞ்சியத்துக்கு வருவதில்லை, ஊருக்குப் போகிறது. ஊருக்குப் போகும் லாபத்துக்கு ஊர் தன் பங்கைக் கொடுப்பதுதானே முறை?

நம் வீட்டுக் கணக்கு

அமெரிக்காவைப் பார்த்துத்தான் நாம் எருவின் அருமையை அறிய வேண்டும் என்பதில்லை. 1889-இல் பிரிட்டிஷ் சர்க்கார் அனுப்பி இங்கே வந்த வோல்க்கர் என்னும் ரஸாயன நிபுணர், இந்திய விவசாயி முட்டாள் அல்ல, அவனுக்கு எருதான் போதவில்லை, சாணம் அடுப்பில் எரிந்துபோகிறது என்று கண்டு எழுதினார். 1905-இல் வந்த ஆல்பர்ட் ஹோவர்ட் நம் குடியானவர்களிடம் பாடம் கற்றவர். 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் இருந்து, குப்பையையும் சாணத்தையும் மட்க வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இன்றும் அது 'இந்தூர் முறை' என்ற பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. வேம்பின் கதையோ எல்லோரும் அறிந்தது. ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அமெரிக்க விவசாய இலாகாவும் வேப்பெண்ணெயால் பயிர் நோய்க் காளானைத் தடுக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பாவில் உரிமைப் பட்டயம் வாங்கின. 'இது எங்கள் பாட்டிமார் அறிந்த விஷயம்' என்று வழக்காடி, 2000-ஆம் ஆண்டில் அந்தப் பட்டயம் ரத்தாயிற்று. 2005-இல் மேல் விசாரணையிலும் அந்தத் தீர்ப்பே நிலைத்தது.

வேம்பின் மீது நமக்குள்ள உரிமையை வழக்காடி நிலைநாட்டினோம்; சந்தோஷம். வேப்பங்கொட்டை பொறுக்குகிறவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

இந்திய சர்க்கார் 2015-இல் 'பரம்பராகத் க்ருஷி விகாஸ் யோஜனா' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். பின்னால் திருத்திய விதிகளின்படி, மூன்று வருஷத்துக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 31,500 ரூபாய். அதில் இடுபொருளுக்காக விவசாயியின் பாங்கிக் கணக்குக்கு நேரே போவது 15,000. மற்றது பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் விற்பனை ஏற்பாட்டுக்கும். செலவை மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் பொதுவாக அறுபதுக்கு நாற்பது என்று பகிர்ந்துகொள்கிறார்கள். பிறகு 2024 நவம்பர் 25-ஆம் தேதி மந்திரிசபை, இயற்கை விவசாயத்துக்கான தேசிய இயக்கத்தை அங்கீகரித்தது. மொத்தம் 2,481 கோடி ரூபாய். மத்திய சர்க்கார் 1,584 கோடி, மாநிலங்கள் 897 கோடி. ஒரு கோடி விவசாயிகள், 7.5 லட்சம் ஹெக்டேர், 15,000 தொகுதிகள், கரைசலும் எருவும் ஆயத்தமாகக் கிடைக்க 10,000 நிலையங்கள் என்பது அதன் இலக்கு. விவசாயிக்கு ஏக்கருக்கு வருஷம் 4,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு, ஓர் ஏக்கர் வரையில்.

நமது தமிழ்நாட்டு சர்க்காரும் 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டார்கள். 2024-25 வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்ற அழகான பெயருடன் 206 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். இரண்டு லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை வழங்குவது அதில் ஓர் அம்சம். நாம் நினைத்துக்கொண்ட தஞ்சாவூர் விவசாயி விதைத்தாரே தக்கைப்பூண்டு, அந்த விதைதான்.

இவற்றையெல்லாம் வரவேற்க வேண்டியதே. ஆனால் குடும்பம் நடத்துகிறவர்கள் வரவை மட்டும் பார்த்தால் போதாது. விகிதத்தையும் பார்க்க வேண்டும். ஹெக்டேருக்கு மூன்று வருஷத்துக்கு 15,000 என்றால், ஏக்கருக்கு வருஷத்துக்குச் சுமார் 2,000 ரூபாய். அதே சமயம், 2023-24-ஆம் ஒரே வருஷத்தில் ரஸாயன உரத்துக்கு மத்திய சர்க்கார் கொடுத்த மானியம் 1,80,000 கோடி ரூபாய்க்கு மேல். இயற்கை விவசாய இயக்கத்துக்கு மத்திய சர்க்கார் ஒதுக்கிய 1,584 கோடியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரஸாயன உரத்துக்கு நூறு ரூபாய் என்றால், இயற்கை முறைக்கு ஒரு ரூபாய்கூட முழுதாக இல்லை! பிள்ளை இனிப்பை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தகப்பனார் ஒரு கையால் கூடை நிறைய லட்டும், மறு கையால் ஒரு கீற்று வெள்ளரிக்காயும் நீட்டினால், பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

இரண்டு தீவுகளின் பாடம்

அதற்காக லட்டுக் கூடையை ஒரே நாளில் பிடுங்கி எறிந்துவிடலாமா? அப்படிச் செய்தவர்களும் உண்டு. கூடையை விவேகமாக மாற்றியவர்களும் உண்டு. இரண்டும் தீவு தேசங்கள்.

இலங்கையில் 2021 மே மாதத்தில் ரஸாயன உரமும் பூச்சி மருந்தும் இறக்குமதியாகக் கூடாது என்று சர்க்கார் திடீர் என்று உத்தரவு போட்டார்கள். அந்நியச் செலாவணிப் பஞ்சம் ஒரு காரணம். போதிய எருவும் இல்லை, பழக்கமும் இல்லை, மூன்று வருஷ அவகாசமும் இல்லை. அநுராதபுரத்துச் சிங்கள விவசாயிகளும் வன்னித் தமிழ் விவசாயிகளும் ஒரே விதமாகத் தவித்தார்கள். ஏழு மாதத்திற்குள், நவம்பரில், உத்தரவைத் திரும்பப் பெற்றும் அடுத்த நெல் அறுவடை பெரிதும் குறைந்து, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. மாறுதலின் முழுச் செலவையும் விவசாயியின் தலையில் கட்டினால், அவர் மட்டும் அல்ல, தேசமே பட்டினியை எட்டிப் பார்க்கும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான அத்தாட்சி வேண்டியதில்லை.

இந்தோனேஷியாவின் கதை வேறு. அங்கே பூச்சி மருந்து விலையில் பெரும் பகுதியைச் சர்க்காரே கொடுத்து வந்தார்கள். மருந்து மலிவானதால் விவசாயிகள் தாராளமாக அடித்தார்கள். அடிக்க அடிக்கப் புகையான் பூச்சி பெருகியது. காரணம், அதைத் தின்னும் சிலந்திகள் முதலில் செத்தன. புகையானோ மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. சர்க்கார் தன் பணத்தைக் கொடுத்துத் தன் நெல்லையே அழித்துக்கொண்டிருந்தது! விஞ்ஞானிகள் இதை எடுத்துக் காட்டியதும், 1986 நவம்பரில் நெற்பயிருக்கு 57 மருந்துகளை ஜனாதிபதி தடை செய்தார். மானியத்தை ஒரேயடியாக நிறுத்தாமல், 1989-க்குள் படிப்படியாகக் குறைத்து எடுத்தார்கள். கூடவே, விவசாயிகள் வாரத்துக்கு ஒரு நாள் வயலில் கூடி, எது நட்புப் பூச்சி, எது பகைப் பூச்சி என்று எண்ணிப் பார்த்துக் கற்கும் வயல்வெளிப் பள்ளிகள் 1989 முதல் பரவின. நெல் விளைச்சல் குறையவில்லை. மருந்துக்குப் போன பணம் புத்திக்குப் போயிற்று.

பக்கத்து வீட்டில்

இந்தோனேஷியா தூரம் என்றால், ஆந்திரம் பக்கத்து வீடு. கம்மம் ஜில்லாவில் (இப்போது தெலங்கானாவைச் சேர்ந்தது) புனுகுல என்ற கிராமத்துப் பருத்தி விவசாயிகள் மருந்துக் கடனில் மூழ்கித் தவித்து, வேப்பங்கொட்டைக்கும் விளக்குப் பொறிக்கும் மாறி, 2003-ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் ஊரில் பூச்சி மருந்தே கிடையாது என்று அறிவித்தார்கள். அந்த அநுபவத்தைக் கண்டு, பெண்களின் சுய உதவிக் குழுக்கள் மூலம் ஆந்திர சர்க்கார் அதைப் பல கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். 2016 முதல் அது ராஜ்யம் முழுவதற்குமான இயற்கை விவசாய இயக்கமாக விரிந்து, பல லட்சம் விவசாயிகளை எட்டியிருக்கிறது. 2024-இல் போர்ச்சுகல் தேசத்துக் குல்பென்கியன் ஸ்தாபனத்தின் மனிதகுலப் பரிசு அந்த இயக்கத்துக்கும் பகிர்ந்து கிடைத்தது.

அங்கே பணத்தைப் புட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் கொடுக்கவில்லை என்பதே விசேஷம். தன் வயலில் செய்து பார்த்து ஜெயித்த ஒரு விவசாயியை, பெரும்பாலும் ஒரு பெண்ணை, பக்கத்து விவசாயிகளுக்கு ஆசிரியராக அமர்த்தி அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். உத்தியோகஸ்தர் சொன்னால் சந்தேகப்படும் விவசாயி, "அக்கா வயலைப் பார்த்தாயா?" என்றால் நம்புகிறார்.

பல வயல்கள் சேர்ந்து மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெல்லின் தண்டைத் துளைக்கும் பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் நுண்ணிய குளவி ஒன்று இருக்கிறது. அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். வயலில் கட்டினால் போதும். ஆனால் அந்தக் குளவிக்கு வரப்பு தெரியாது, பட்டா தெரியாது. அடுத்த வயலில் மருந்து அடித்தால் அங்கே போய்ச் செத்துவிடும். ஆகவேதான் தேசிய இயக்கம் சுமார் 50 ஹெக்டேரை ஒரு தொகுதியாக வைத்திருக்கிறது. ஒற்றை மனிதரின் வைராக்கியத்தால் ஆகாதது, ஊர் ஒற்றுமையால் ஆகும்.

ஒழுகும் இடங்கள்

இனி, இந்தத் திட்டங்களில் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம்.

ஒன்று, காலம். ஆனியில் வேண்டிய விதைக்கும் கூலிக்கும் மார்கழியில் பணம் வந்தால் அது மானியம் அல்ல, ஞாபகார்த்தம். வசதி குறைந்தவர்களுக்கு முன்பணம் என்ற அமெரிக்க விதியை இங்கே அவசியம் பின்பற்ற வேண்டும்.

இரண்டு, ஆள். மானியம் பெரும்பாலும் சிட்டாவும் அடங்கலும் யார் பெயரில் இருக்கிறதோ அவரை நாடிப் போகிறது. காவேரிப் பாசனத்தில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர் மூன்று வருஷம் பாடுபட்டு மண்ணைத் தேற்றினால், நான்காவது வருஷம் நிலச்சொந்தக்காரர் குத்தகையை உயர்த்தலாம். அல்லது நிலத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். யாருக்காக அவர் எரு சுமப்பார்? உழுகிறவர் கைக்கு மானியமும், மூன்று வருஷமாவது அசையாத குத்தகை உறுதியும் சேர்ந்து கிடைத்தால்தான் காரியம் நடக்கும்.

மூன்று, பொருள். கரைசலைப் புட்டியில் அடைத்து 'இயற்கை' என்று சீட்டு ஒட்டி விற்கிறவர்களுக்கு மானியம் போய்ச் சேர்ந்தால், விவசாயி பழைய கடைக்காரரை விட்டுப் புதிய கடைக்காரரைப் பிடித்ததுதான் மிச்சம். பணம் உழைப்புக்கும் அறிவுக்கும் போகவேண்டும். முக்கியமாக, வேப்பங்கொட்டை பொறுக்கும் பெண்ணின் நாளுக்கு.

நான்கு, நஷ்டம். இடுபொருள் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்களே தவிர, முதல் இரண்டு வருஷம் குறையும் மூட்டைகளை யாரும் பங்கிட்டுக்கொள்வதில்லை. அந்த நஷ்டம்தான் மாறுவதற்கு நினைக்கிறவரைத் தயங்க வைக்கிறது. மாறியவரைப் பழைய வழிக்கே திருப்புகிறது. 'உன் விளைச்சல் இவ்வளவுக்குக் கீழே போனால் அந்த வித்தியாசம் எங்கள் பொறுப்பு' என்று சொல்லும் சர்க்கார்தான் உண்மையில் பாதி தாங்கும் சர்க்கார்.

மூன்றாவது பங்கு

கடைசியாக, நமது பட்டணத்துச் சம்சாரியிடம் திரும்புவோம். சர்க்காரை வைவது சுலபம். கட்டுரையை அதோடு முடித்துவிட்டால் வாசிப்பவருக்கும் எழுதுபவருக்கும் சௌகரியந்தான். ஆனால் இந்தக் கணக்கில் சாப்பிடுகிறவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

2011 முதல் நம் நாட்டில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பரிசோதித்துச் சான்று தரும் பங்கேற்பு உத்தரவாத முறை ஒன்று நடந்து வருகிறது. ஐந்து விவசாயிகள் சேர்ந்தாலும் ஒரு குழு. முழுவதும் மாறி முடித்தவர்களுடைய விளைபொருளுக்கு 'ஆர்கானிக்' முத்திரை. மாறிக்கொண்டிருக்கிறவர்களுக்கு 'கிரீன்' முத்திரை. நாம் கடையில் என்ன செய்கிறோம்? முதல் முத்திரையைத் தேடி வாங்குகிறோம்; இரண்டாவதைக் கண்டால், "இது அரைகுறை" என்று ஒதுக்கிவிடுகிறோம். மூன்று வருஷக் கஷ்டத்தையும் தாண்டியவருக்கு மாலை போடுகிறோம். நடு ஆற்றில் நீந்திக்கொண்டிருக்கிறவருக்குக் கை கொடுப்பதில்லை.

அந்த அரைகுறை அரிசியில்தான் கூடுதல் கூலியும் குறைந்த விளைச்சலும் இருக்கின்றன. அதற்குத்தான் கொஞ்சம் கூடுதல் விலை நியாயம். நாலு குடும்பம் சேர்ந்து, மாறிக்கொண்டிருக்கும் ஒரு விவசாயக் குழுவிடம் மூன்று வருஷத்துக்கு அரிசி வாங்குவதாக ஏற்பாடு செய்துகொண்டால், சர்க்கார் காகிதம் வந்து சேர்வதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு தைரியம் பிறக்கும்.

வீட்டுக்காரர் இப்போது கடைச் சீட்டை மறுபடியும் எடுத்துப் பார்க்கட்டும். அதிகம் கொடுத்த அந்த ரூபாய்களில் கடைக்காரரின் லாபம் எவ்வளவு, விவசாயியின் பங்கு எவ்வளவு என்று விசாரிக்கட்டும். விவசாயிக்குப் போகிறது என்று தெரிந்தால், மனக்குறை இல்லாமல் சாப்பிடட்டும். போகவில்லை என்று தெரிந்தால், போகிற இடமாகப் பார்த்து அடுத்த மாதம் வாங்கட்டும்.

சர்க்கார் ஒரு பங்கு, உழுகிற சம்சாரி ஒரு பங்கு, சாப்பிடுகிற சம்சாரி ஒரு பங்கு. இன்று மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உழுகிறவர் தலையிலேயே இருக்கிறது. அந்தப் பாரத்தைச் சற்று இறக்கி வைக்க ஒரு கை கொடுத்தால், நாளைக்கு மண்ணும் இருக்கும்; அதில் உழுகிறவரும் இருப்பார்.